குலா தெய்வமும் அவள் காலடி நாயும்: பண்டைய மெசபொத்தாமியாவில் நோயும் குணமும்

வேதாகமத்தில் நாய் நற்பெயர் பெற்ற விலங்கன்று. பீறுண்ட இறைச்சி நாய்களுக்குரியது என யாத்திராகமம் விதிக்கிறது (22:31). நாபோத்தின் இரத்தத்தை நக்கிய நாய்கள் ஆகாபின் இரத்தத்தையும் நக்கியதாக இராஜாக்களின் வரலாறு கூறுகிறது. துன்புறும் சங்கீதக்காரன் தன் பகைவரை நாய்களுக்கு ஒப்பிடுகிறான் (சங். 22:16). நாயின் கழுத்தை முறிப்பதை அருவருப்பான வழிபாட்டுக்கு எடுத்துக்காட்டாக ஏசாயா நூல் காட்டுகிறது (66:3).

இதே காலத்தில், இஸ்ரவேலுக்குக் கிழக்கே யூப்ரட்டீஸ், டைகிரிஸ் நதிகளுக்கு இடைப்பட்ட நாட்டில், நாய் ஒரு பெருந்தெய்வத்தின் காலடியில் அமர்ந்திருந்தது. அத்தெய்வம் போர்த்தெய்வமோ வேட்டைத் தெய்வமோ அன்று. நோய் தீர்க்கும் தெய்வம். மனிதரைக் கடிக்கும் விலங்கு மருந்திடும் தெய்வத்திற்குத் துணையானது எவ்வாறு? இக்கேள்வியை ஆராயப் புகுந்தால், நோயையும் குணத்தையும் பற்றி அம்மக்கள் கொண்டிருந்த ஆழ்ந்த எண்ணம் ஒன்று நமக்குப் புலனாகும். இஸ்ரவேலின் விசுவாச அறிக்கையைச் சரியாக விளங்கிக்கொள்ளவும் அது துணை செய்யும்.

1. பல பெயர்கள், ஒரே பணி

சுமேரிய நகரங்கள் தத்தமக்கெனக் காவல் தெய்வங்களைப் பெற்றிருந்தன. குணமளிக்கும் தெய்வமும் அவ்வாறே இடத்திற்கு இடம் வெவ்வேறு பெயரால் வழங்கப்பட்டது. இசின் நகரத்தார் அவளை நினிசினா என்றழைத்தனர். 'இசினின் பெருமாட்டி' என்பது அதன் பொருள். நிப்பூர் நகரில் அவள் நின்தினுக்கா. 'இறந்தோரை உயிர்ப்பிக்கும் பெருமாட்டி' என்பது பொருள். நின்கர்ராக் என்னும் பெயரும் பல நகரங்களில் வழங்கியது. 'பெரியவள்' என்று பொருள்படும் குலா என்னும் பெயர் நாளடைவில் மற்றப் பெயர்களையெல்லாம் தன்னுள் அடக்கிக்கொண்டது. கி.மு. 2ஆம் ஆயிரத்தாண்டின் பிற்பகுதி முதல் பாபிலோனியரும் அசீரியரும் பெரும்பாலும் இப்பெயராலேயே அவளை வேண்டினர். 'மாபெரும் மருத்துவர்' என்பது அவளுக்குரிய சிறப்புப் பட்டம்.

இப்பட்டம் வெறும் புகழ்மொழியன்று. நினிசினாவைப் போற்றும் சுமேரியப் பாடலொன்று, அவள் புண்ணைத் துடைப்பதையும் கட்டுத்துணியைத் தூய்மைப்படுத்துவதையும் மருந்துப் பற்றை இளக்கி வைப்பதையும் விவரிக்கிறது. தன் மகன் தாமுவுக்கு அவள் மருத்துவக் கலையைக் கற்பிப்பதாகவும் அப்பாடல் கூறுகிறது. புல்லுத்சா-ராபி என்னும் புலவர் 200 அடிகளில் இயற்றிய அக்காடியத் துதிப்பாடலில், குலா தானே பேசித் தன் மூலிகைகளையும் மருத்துவக் கருவிகளையும் எடுத்துரைக்கிறாள். பெருந்தெய்வம் ஒன்று சீழையும் இரத்தத்தையும் தன் கையால் துடைக்கிறது என்று அம்மக்கள் பாடினர் என்பதை நாம் கருத்தில் கொள்ள வேண்டும்.

இத்தெய்வத்தின் கீழ் இருவகைப் பணியாளர் நோயாளியை அணுகினர். ஒருவர் 'அசூ', மூலிகை, எண்ணெய், பற்று, கட்டு ஆகியவற்றால் பண்டுவம் பார்ப்பவர். மற்றவர் 'ஆஷிப்பு', மந்திரமும் சடங்கும் கொண்டு நோய்க்குக் காரணமான ஆற்றலை அகற்றுபவர். இவ்விருவரையும் அறிவியலாளர் என்றும் மூடநம்பிக்கையாளர் என்றும் நாம் பிரித்துவிடலாகாது. மருந்தும் மந்திரமும் ஒரே களிமண் ஏட்டில் அடுத்தடுத்து எழுதப்பட்டிருப்பதைப் பல இடங்களில் காண்கிறோம். இருவருக்கும் தலைவி குலாவே.

2. இசின் நகரின் நாய்கள்

நினிசினாவின் தலைமைக் கோயில் இருந்த இசின் நகரம், நிப்பூருக்குத் தெற்கே ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. இன்று அவ்விடம் இஷான் அல்-பஹ்ரியாத் எனப்படும் மேடு. பார்த்தெல் ஹ்ரூடா என்னும் ஜெர்மானிய அறிஞரின் தலைமையில் 1973 முதல் 1989 வரை அங்கு அகழ்வாராய்ச்சி நடைபெற்றது. குலாவின் கோயிலுக்கு ஏறிச்செல்லும் சரிவுப் பாதையில் 33 நாய்களின் எலும்புக்கூடுகள் புதைக்கப்பட்டிருந்தன. அவற்றுள் குட்டிகளும் உண்டு. இவை கி.மு. 1000 ஆண்டளவைச் சேர்ந்தவை. நாயுருவம் பொறித்த வெண்கலத் தகடுகளும் அக்கோயில் பகுதியில் கிடைத்தன.

இப்புதைகுழிகளுக்கு ஏறக்குறைய 800 ஆண்டுகளுக்கு முன்னரே, இசினின் அரசன் என்லில்-பானி (கி.மு. 1860–1837 அளவில்) நினிசினாவுக்கென 'நாய் இல்லம்' ஒன்றைக் கட்டியதாகத் தன் கல்வெட்டுச் செய்தியில் பதித்திருந்தான். எனவே, கோயிலுக்கும் நாய்களுக்கும் இருந்த தொடர்பு ஒரு தலைமுறையின் விந்தை வழக்கமன்று. பல நூற்றாண்டுகள் நின்று நிலைத்தது.

இசினுக்கு வெளியேயும் இதற்குச் சான்றுகள் உள்ளன. லார்சாவின் அரசன் சுமு-ஏல் (கி.மு. 1894–1866 அளவில்) நீடு வாழும்படி, அப்பா-துக்கா என்பவர் மாக்கல்லில் செய்த சிறு நாயுருவம் ஒன்றை நினிசினாவுக்குப் படைத்தார். அதன் முதுகில் சிறு கலம் அமைந்துள்ளது. இன்று அது பாரிசு நகரின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நிப்பூரில் குலாவின் கோயிலைச் சார்ந்த இடத்தில், சுட்ட மண்ணாலான நாயுருவங்களோடு, தொண்டையையோ வயிற்றையோ கையால் பற்றிக்கொண்டிருக்கும் மனித உருவங்களும் கிடைத்தன. எழுதத் தெரியாத எளியோர் தம் நோயுற்ற உறுப்பை மண்ணுருவில் தெய்வத்திற்குச் சுட்டிக்காட்டினர் போலும். முதலாம் நேபுகாத்நேச்சார் காலத்து (கி.மு. 12ஆம் நூற்றாண்டு) எல்லைக்கல் ஒன்றில், குலா அரியணையில் அமர்ந்திருக்க, அவளருகே நாய் இருப்பதைக் காண்கிறோம். வேறு சில கற்களில் தெய்வத்தின் உருவமே இல்லை. நாய் மட்டும் அவள் அடையாளமாக நிற்கிறது.

எருசலேமை அழித்த இரண்டாம் நேபுகாத்நேச்சாரும் (கி.மு. 604–562) இவ்வழக்கத்தைப் பேணினான். குலாவின் கோயிலைப் புதுப்பித்தபோது பொன், வெள்ளி, வெண்கலத்தாலான நாயுருவங்களை அங்கு வைத்ததாக அவனே பதிந்துள்ளான். கி.மு. 597இலும் 587இலும் சிறைப்பட்டுச் சென்ற யூதர் வாழ்ந்த நாட்டில் நிகழ்ந்தது இது.

இவற்றைக் கொண்டு 'பாபிலோனியர் நாயை வணங்கினர்' என்று சொல்லிவிடுவது தவறு. வழிபாடு தெய்வத்திற்குரியது, நாய் அவளுடைய ஏவலாள், அவள் வருகையின் அடையாளம். பிற சமயத்தாரின் வழிபாட்டை அவர்தம் சொந்த ஏடுகளைக் கொண்டே எடுத்துரைப்பது வரலாறு கற்போரின் முதற்கடமையாகும்.

3. நக்கும் நாவும் கடிக்கும் பல்லும்

நாய் தன் புண்ணை நாவால் நக்கி ஆற்றிக்கொள்வதை எவரும் காணலாம். இக்காட்சியே நாயைக் குணமளிக்கும் தெய்வத்தோடு இணைத்தது என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். கிரேக்க நாட்டின் எப்பிதாவுருவில், அஸ்கிலேப்பியுவின் கோயில் நாய்கள் நோயுற்றோரை நக்கிக் குணமாக்கின என்று கல்வெட்டுகள் கூறுவது இக்கருத்துக்கு அரண் செய்கிறது. ஆயினும் மெசபொத்தாமிய ஏடுகளைப் புரட்டும்போது, நாயின் நாவைவிட அதன் பல்லே மிகுதியாகப் பேசப்படுகிறது.

எஷ்னுன்னா நகரின் சட்டத்தொகுப்பு கி.மு. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது. பாக்தாதை அடுத்த தெல் ஹர்மலில் 1945இலும் 1947இலும் இதன் ஏடுகள் கண்டெடுக்கப்பட்டன. வெறிநாய் ஒன்றைக் குறித்து ஊர் அதிகாரிகள் உரியவனை எச்சரித்திருந்தும், அவன் அதனைக் காவாமல் விட, அது ஒருவனைக் கடித்துச் சாகடித்தால், உரியவன் 40 சேக்கல் வெள்ளி செலுத்த வேண்டும். இறந்தவன் அடிமையாயின் 15 சேக்கல். வெறிநாய்க்கடி சாவில் முடியும் என்பதை அம்மக்கள் நன்கு அறிந்திருந்தனர் என்பதற்கு இச்சட்டம் சான்று. அக்காலத்து மந்திர ஏடுகளோ, நாய் தான் கடித்த இடத்தில் தன் வித்தை விட்டுச்செல்கிறது என்று உருவகமாகக் கூறுகின்றன. கடித்த அன்று புண் சிறிது. உள்ளே சென்றது பின்னர் வளர்ந்து ஆளைக் கொல்கிறது. நுண்ணுயிர்களைக் காணும் கருவி இல்லாத காலத்தில் இவ்வளவு நுட்பமாக உற்றுநோக்கியது வியப்பிற்குரியது.

நாய் தீக்குறியாகவும் கருதப்பட்டது. பாபிலோனிய அரசன் அதாத்-அப்லா-இத்தினாவின் காலத்தில் (கி.மு. 1068–1047 அளவில்) எசாகில்-கின்-அப்லி என்னும் பேரறிஞர், நோய்க்குறிகளைத் தொகுத்து 40 ஏடுகள் கொண்ட பெருநூலாக ஒழுங்குபடுத்தினார். ஆஷிப்பு நோயாளியின் வீட்டிற்குச் செல்லும் வழியில் காணும் குறிகளோடு அந்நூல் தொடங்குகிறது. வழியில் கருநாயைக் கண்டால் நோயாளி பிழையான் என்பது அவற்றுள் ஒன்று. இவ்வாறு, கோயிலில் தெய்வத்தின் துணையாக இருக்கும் விலங்கே தெருவில் சாவின் தூதனாகிறது.

ஊருக் நகரில் கிடைத்த நகைச்சுவைக் கதையொன்று இந்த இரட்டைத் தன்மையை அழகாகக் காட்டுகிறது. நிப்பூர் குடிமகன் ஒருவனை நாய் கடித்துவிடுகிறது. அவன் குணம் நாடிச் செல்வது எங்கே? குலாவின் நகரமாகிய இசினுக்கே. அங்கு அமேல்-பாவு என்னும் குலாவின் குருவானவர் மந்திரம் ஓதி அவனைக் குணமாக்குகிறார். நன்றி மறவாத அவன், நிப்பூருக்கு வந்தால் உணவும் நல்ல பானமும் தருவதாகச் சொல்லி, தன் வீட்டிற்கு வழியும் கூறுகிறான். குருவானவரும் செல்கிறார். தெருவில் காய்கறி விற்கும் பெண் சுமேரிய மொழியில் விடை சொல்ல, அது விளங்காத அவர் தம்மை வைவதாக எண்ணிவிடுகிறார். கற்றவரின் அறியாமையை எள்ளிச் சிரிப்பதே கதையின் நோக்கம். நமக்கோ அதன் தொடக்கமே முதன்மையானது. நாய் கடித்தவன் நாயைத் துணையாகக் கொண்ட தெய்வத்திடமே செல்கிறான். கதை சொல்பவர் அதில் முரண் எதையும் காணவில்லை.

4. காயப்படுத்தும் குணமளிப்பவள்

இப்போது நம் கேள்விக்கு விடை தெளிவாகிறது. நாயின் வாயில் ஆறுதலும் அழிவும் சேர்ந்திருப்பது போலவே, தெய்வத்தின் கையிலும் இரண்டும் சேர்ந்திருந்தன.

அம்முராபி மன்னன் (கி.மு. 1792–1750) தன் சட்டத்தூணின் முடிவில், அதனை அழிப்போர்மேல் வரவேண்டிய சாபங்களைத் தெய்வங்களுக்குப் பங்கிட்டு வைக்கிறான். நின்கர்ராக்கின் பங்கு யாது? மருத்துவர் எவரும் அறிய முடியாததும், கட்டுப்போட்டு ஆற்ற முடியாததுமான கொடும்புண்ணை அவள் அவன் உறுப்புகளில் வரச்செய்ய வேண்டும். ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின், அசீரிய அரசன் எசரத்தோன் கி.மு. 672இல் தன் கீழிருந்த சிற்றரசரிடம் பெற்ற உறுதிமொழியிலும் இதே குரல் ஒலிக்கிறது. ஆதியாகமம் காலாகு என்றழைக்கும் நிம்ருத்தில் 1955இல் அவ்வேடுகள் கிடைத்தன. உறுதிமொழியை மீறுவோர் உடலில் மாபெரும் மருத்துவராகிய குலா ஆறாப்புண்ணை வைப்பாளாக என்பது அதிலுள்ள சாபங்களுள் ஒன்று.

புண்ணைத் துடைப்பவளே புண்ணை வைக்கிறாள். இதைக் கண்டு அம்மக்களின் சமயம் குழப்பமானது என்று நாம் முடிவு கட்டலாகாது. நோயின் திறவுகோலைக் கையில் வைத்திருப்பவர் பூட்டவும் திறக்கவும் வல்லவர் என்பதே அவர்தம் எண்ணம். குணம் தரும் ஆற்றல் உண்மையானதாயின், அதை மறுக்கும் ஆற்றலும் உண்மையானதே. குணமளிக்கும் தெய்வத்தை அவர்கள் நேசித்தனர், அஞ்சவும் செய்தனர். அவ்வன்பும் அச்சமும் ஒருங்கே உருவெடுத்து அவள் காலடியில் நாயாக அமர்ந்திருந்தன.

5. இஸ்ரவேலின் அறிக்கை

எசரத்தோனின் காலத்தில் யூதாவை ஆண்டவன் மனாசே. அசீரியருக்கு அடங்கிய அரசர்களின் பட்டியலில் அவன் பெயரும் எசரத்தோனின் ஏட்டில் உள்ளது. எனவே உபாகமம் 28ஆம் அதிகாரத்தின் சாபங்களை எசரத்தோனின் உறுதிமொழியோடு ஒப்பிட்டு அறிஞர் பலர் ஆராய்ந்துள்ளனர். அசீரிய ஏட்டில் தோல்நோயைத் தருபவன் நிலாத்தெய்வமாகிய சின். கண்ணொளியைப் பறிப்பவன் சூரியத்தெய்வமாகிய ஷமாஷ். ஆறாப்புண்ணை வைப்பவள் குலா. உபாகமத்திலும் தோல்நோய் உண்டு, குருட்டாட்டம் உண்டு, ஆறாப்புண் உண்டு (28:27-29, 35). ஆனால் பங்கீடு இல்லை. எல்லாம் ஒரே பெயரின் கீழ் வருகின்றன.

மோசேயின் பாட்டு இதனை இன்னும் கூர்மையாக அறிக்கையிடுகிறது: கொல்பவரும் உயிர்ப்பிப்பவரும், காயப்படுத்துபவரும் குணமாக்குபவரும் ஒருவரே (உபா. 32:39). மாராவின் கசந்த நீரருகே ஆண்டவர் தம்மை இஸ்ரவேலின் பரிகாரியாக வெளிப்படுத்துகிறார் (யாத். 15:26). மெசபொத்தாமியர் தம் மருத்துவத் தெய்வத்தைப் பற்றி அறிந்திருந்த ஆழ்ந்த உண்மையை இஸ்ரவேல் மறுக்கவில்லை. அதன் முழு எடையையும் ஒரே கடவுள்மேல் ஏற்றியது. சமாரியாவின் அரசன் அகசியா மேல்வீட்டிலிருந்து விழுந்து நோயுற்றபோது எக்ரோனின் பாகால்சேபூபிடம் ஆளனுப்பினான் (2 இரா. 1). எலியா அதை ஏன் அத்தனைக் கடுமையாகக் கண்டித்தார் என்பதும் இப்பின்னணியில் விளங்கும். நோய்க்கென வேறொரு வாயில் இருப்பதாக அரசனே காட்டிவிட்டான்.

இவ்வறிக்கைக்கு இஸ்ரவேல் கொடுத்த விலை சிறிதன்று. பல தெய்வங்களை நம்பியவன், ஒரு தெய்வம் அடித்தால் வேறொரு தெய்வத்திடம் ஓடலாம். யோபுவுக்கு அந்த வழி அடைக்கப்பட்டிருந்தது. தன்னைக் காயப்படுத்தியவராக அவன் கருதும் அதே கடவுளிடமே அவன் முறையிட வேண்டியிருந்தது. அவன் நண்பனாகிய எலிப்பாசு, காயப்படுத்துகிற கைதான் கட்டும் கை என்று மிக எளிதாகச் சொல்லிவிடுகிறான் (யோபு 5:18). சொன்னது உண்மையே, சொன்ன நேரமும் சொன்ன வாயும் பொருந்தவில்லை. நூலின் முடிவில் கண்டிக்கப்படுபவர்களுள் அவனே முதல்வன்.

பாலஸ்தீனாவிலும் நாய்களைப் பேணிப் புதைத்த இடமொன்று கிடைத்திருக்கிறது. அஸ்கலோனில், பெர்சியர் ஆண்ட கி.மு. 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாய்ப் புதைகுழிகள் வெளிப்பட்டன, பெரும்பாலானவை குட்டிகள், ஒவ்வொன்றும் தனித்தனியே கவனமாக வைக்கப்பட்டிருந்தது. அகழ்வாராய்ச்சியின் தலைவராயிருந்த லாரன்ஸ் ஸ்டேகர், இவற்றைக் குணமளிக்கும் தெய்வ வழிபாட்டோடு தொடர்புபடுத்தினார். இதனை ஏற்காதோரும் உளர். ஆகவே, லாசருவின் புண்களை நாய்கள் நக்கின என்னும் இடத்தில் (லூக். 16:21) குலாவின் கோயிலை நாம் கொண்டு நிறுத்துவது முறையன்று. அந்த உவமை சொல்வது வேறு. வாசலில் கிடந்தவனைச் செல்வன் நெருங்கவில்லை, நாய்கள் நெருங்கின.

6. திருப்பணிக்கு ஒரு சொல்

எசாகில்-கின்-அப்லியின் பெருநூலில், நோய்க்குறிகளை எண்ணி முடித்தபின், இது இன்ன தெய்வத்தின் 'கை' என்று முடிவு கூறும் வழக்கம் உண்டு. இஷ்தாரின் கை, ஷமாஷின் கை, இறந்தோர் ஆவியின் கை என ஒவ்வொரு நோய்க்கும் உரியவர் பெயர் சொல்லப்படும். பெயர் தெரிந்தால்தான் எந்தச் சடங்கைச் செய்வது, எந்தத் தெய்வத்தைத் தணிப்பது என்பது விளங்கும். அம்மருத்துவருக்கு அது ஒழுங்கான கலை.

நோயுற்றோரின் படுக்கையருகே நிற்கும் ஆயருக்கு அத்தகைய ஏடு எதுவும் கொடுக்கப்படவில்லை. ஒரே கடவுளே வாழ்வுக்கும் சாவுக்கும் ஆண்டவர் என்று நாம் அறிக்கையிடுகிறோம். ஆனால் 'இது உன் இன்ன பாவத்திற்காக வந்த கை' என்று பெயர் குறித்துச் சொல்லும் உரிமையை அவ்வறிக்கை நமக்கு வழங்கவில்லை. பிறவிக்குருடனைக் காட்டி, யார் செய்த பாவம் என்று சீடர் கேட்டபோது, நம் ஆண்டவர் அக்கேள்வியையே ஏற்க மறுத்தார் (யோவா. 9). நாமோ நோயாளியின் வீட்டில் எலிப்பாசின் மொழியைப் பேசிவிட்டு, அதற்கு வேதாகமத்தின் அதிகாரத்தையும் கோருகிறோம். இவ்வழக்கத்தை நாம் கைவிட வேண்டும்.

குலாவின் பக்தர்கள் சுட்ட மண்ணில் தம் தொண்டையையும் வயிற்றையும் சுட்டிக்காட்டிய உருவங்கள் இன்றும் அருங்காட்சியகங்களில் உள்ளன. அவற்றைச் செய்தவர்கள் தெய்வத்திற்கு விளக்கம் எதுவும் எழுதவில்லை. வலிக்கும் இடத்தைத் தொட்டுக் காட்டினர். அவர்கள் வேண்டிய தெய்வத்தை நாம் வேண்டுவதில்லை. எனினும் நோயுற்றவர் முதலில் நாடுவது காரணத்தையன்று, வலிக்கும் இடத்தைப் பார்க்க மனமுள்ள ஒருவரையே என்பதை நினைவிற்கொண்டு, நாளை நாம் சந்திக்கவிருக்கும் நோயாளியின் வீட்டிற்குச் செல்வோமாக.